தம்பதிகளுக்கான பத்து வாரப் பயிற்சி: ‘நான்’ விரிவதற்கு எதைச் செய்யச் சொல்வது?

மருதநிலா (கேள்வி)

வணக்கம். கல்யாணமாகி ஐந்தாறு வருஷம் தாண்டிய தம்பதிகளுக்கு எங்கள் குழு பத்து வாரப் பயிற்சி ஒன்று நடத்தப்போகிறது. பேசுவது, கோபத்தைக் கையாள்வது பற்றிய பகுதிகள் தயார். ‘செல்ஃப் எக்ஸ்பான்ஷன்’ என்கிற தன்விரிவுக் கோட்பாட்டையும் சேர்க்க நினைக்கிறோம். நெருங்கிய உறவு ஒருவருடைய ‘நான்’ என்ற உணர்வைப் பெரிதாக்குகிறது என்பது புரிகிறது, ஆனால் அறையில் உட்கார்ந்திருப்பவர்களை என்ன செய்யச் சொல்வது?

வாரம் ஒருமுறை சேர்ந்து வெளியே போங்கள் என்றால் போதுமா? ஞாயிறு தவறாமல் ஹோட்டலுக்குப் போகிறவர்களிடமும் ஒரு மாற்றத்தையும் காணோமே, ஏன்? இந்த விரிவை அளக்க வழி உண்டா? ‘ரெண்டு பேரும் ஒண்ணாயிட்டோம்’ என்பதும் இதுவும் ஒன்றா? நெருக்கத்தை வளர்க்கும் என்று இணையத்தில் சுற்றும் 36 கேள்விகளைக் கொடுக்கலாமா?

வடகரை

மேடம், ஹோட்டல் விஷயத்திலிருந்தே தொடங்குகிறேன். மற்றதெல்லாம் அதற்குள் அடங்கும்.

உளவியலாளர்களான ஆர்தர் ஆரன், எலைன் ஆரன் தம்பதி 1986-இல் விரிவாக எழுதியது இது: தன்னால் முடிந்தவற்றைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும் என்ற விருப்பம் மனிதருக்கு இயல்பு. அதற்கு நெருக்கமான உறவு பெரிய வழி. கூட வாழ்பவரின் வளம், பார்வை, அடையாளம் மூன்றும் மெல்ல மெல்ல நமக்குள் வந்து சேர்கின்றன. செடி வளர்க்கிற பெண்ணைக் கட்டியவர் தெருவில் போகும்போது வேம்பையும் மலைவேம்பையும் பிரித்துப் பார்க்கத் தொடங்குவார். அதற்கு முன் அவருக்கு இரண்டும் வெறும் மரம்.

ஆரம்ப மாதங்களில் பேச்சுக்குப் பேச்சு புதிதாக ஏதாவது கிடைக்கும். ஒருவரையொருவர் நன்றாகத் தெரிந்த பிறகு அந்த வரத்து குறையும். பல வீடுகளில் ‘சலிப்பு’ என்று சொல்லப்படுவது இந்தக் குறைவைத்தான். இதைப் பாசம் போய்விட்டதாக எடுத்துக்கொள்வதால்தான் வீண் சண்டைகள் வருகின்றன. முதல் வாரமே இதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

1993-இல் வெளியான ஆய்வில் 53 தம்பதிகளை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வாரம் ஒன்றரை மணி நேரம், பத்து வாரத்துக்கு, இருவருமே ‘பரபரப்பானது’ என்று குறித்த செயல்கள். இன்னொரு பிரிவுக்கு அதே நேரம், ஆனால் ‘இனிமையானது’ என்று குறித்தவை. மூன்றாம் பிரிவுக்கு எதுவுமில்லை. மணவாழ்வில் திருப்தி கூடியது பரபரப்புப் பிரிவில்தான். ஹோட்டல் சாப்பாடு இனிமைப் பக்கம் சேரும். அதில் தவறில்லை, புதிதாக எதையும் கற்றுத் தராது, அவ்வளவுதான்.

2000-இல் வெளியான ஆய்வு இன்னும் தெளிவு. கணவன் மனைவியின் மணிக்கட்டையும் கணுக்காலையும் வெல்க்ரோ பட்டையால் சேர்த்துக் கட்டி, சுமார் ஒன்பது மீட்டர் நீள மெத்தை விரிப்பில் தவழ விட்டார்கள். நடுவில் ஒரு தடுப்பு. உருளைத் தலையணை ஒன்றைக் கையால் தொடாமல், இரண்டு உடம்புக்கும் நடுவே அழுத்திப் பிடித்தபடி அதைத் தாண்ட வேண்டும். ஒருவர் அவசரப்பட்டால் தலையணை நழுவும். மொத்தமே ஏழு நிமிடம். ஒப்பீட்டுக்கு வைத்த ஜோடிகள் மெதுவாகப் பந்தை உருட்டிக்கொண்டு தவழ்ந்தார்கள். தலையணை ஜோடிகள்தான் உறவைப் பற்றி முன்பைவிட நல்லபடியாகச் சொன்னார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது: ஆளுக்கொரு தாள். இதுவரை சேர்ந்து செய்யாத இருபது காரியங்களைத் தனித்தனியாக எழுதட்டும். எதிரே இரண்டு கட்டம், ‘இனிமை’, ‘பரபரப்பு’. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். பிறகு தாளை மாற்றி, மற்றவர் பட்டியலுக்கும் மதிப்பெண். பரபரப்பில் இருவரும் 5-க்கு மேல் போட்டவை மட்டும் தேறும். வாரம் ஒன்று, 90 நிமிடம்.

கெட்டுப்போகும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன். ஒருவருக்கு ஏற்கெனவே கைவந்த வேலையை எடுத்தால் அவர் வாத்தியாராகிவிடுவார், மற்றவர் திட்டு வாங்குவார். இருவருமே கற்றுக்குட்டியாக இருப்பது நல்லது. அளவுக்கு மீறிக் கடினமானதை எடுத்தால் முதல் நாளே ‘உன்னால்தான்’ என்று முடியும். பிள்ளைகளையும் கூட்டிப்போனால் குடும்பச் சுற்றுலா ஆகிவிடும். ஒன்றையே திரும்பச் செய்தால் நாலாம் வாரம் அதுவும் ஹோட்டல்தான், படியை ஏற்றிக்கொண்டே போக வேண்டும்.

ஆழிமழை

அளப்பது பற்றி மட்டும்.

இரண்டு கருவி போதும். ஒன்று, 1992-இல் வந்த வட்டப் படம்: ‘நான்’, ‘அவர்’ என்று இரண்டு வட்டம், ஏழு ஜோடி. முதல் ஜோடியில் வட்டங்கள் தொட மட்டும் செய்யும், ஏழாவதில் கிட்டத்தட்ட ஒன்றின்மேல் ஒன்று. தங்கள் உறவுக்குப் பொருந்துவதைக் குறிக்கச் சொல்ல வேண்டும். துணை பக்கத்தில் இருந்தால் மனத்தாங்கலுக்குப் பயந்து ஆறோ ஏழோ போட்டுவிடுவார்கள். தனி அறை, பெயரில்லாத உறை.

இரண்டாவது, ‘இன்று நான் யார்?’ என்ற கேள்விக்கு மூன்று நிமிடத்தில் மனதில் வருவதையெல்லாம் எழுதுவது. 1995-இல் வெளியான ஆய்வில் கல்லூரி மாணவர்களைப் பத்து வாரத்தில் ஐந்து முறை இப்படி எழுத வைத்தார்கள். இடையில் காதல் வயப்பட்டவர்களின் பட்டியல் பல துறைகளுக்கு விரிந்தது. சொற்களை எண்ணாதீர்கள், துறைகளை எண்ணுங்கள். ‘கோபக்காரன், பொறுமை கெட்டவன், சிடுமூஞ்சி’ என்பது மூன்று சொல், ஒரே துறை. ‘தம்பி, மெக்கானிக், நாதஸ்வரம் கேட்பவன்’ என்பது மூன்று துறை. முதல் வாரமும் பத்தாம் வாரமும் எடுத்தால் போதும். வாராவாரம் கேட்டால் போன வாரத்தையே மனப்பாடமாக எழுதுவார்கள்.

நெய்தல்கரை

ஆழிமழை சொன்ன இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் ‘ஒண்ணாயிட்டோம்’ கேள்விக்குப் பதில் கிடைக்கும். சில ஜோடிகளுக்கு வட்டம் ஏழில் இருக்கும், பட்டியல் சுருங்கியிருக்கும். எனக்குக் கவலை தருவது இவர்கள்தான். நெருக்கம் வேறு, விரிவு வேறு.

உறவு ‘நான்’ என்பதை நாலு வகையில் மாற்றும் என்று மேட்டிங்லி, மெக்கின்டயர், லெவன்டௌஸ்கி மூவரும் 2014-இல் பிரித்துக் காட்டினார்கள். நல்லது கூடுவது, கெட்டது குறைவது, நல்லது குறைவது, கெட்டது கூடுவது. முதல் இரண்டும் உறவுக்கு வலு. புகைப்பதை விட்டது இரண்டாவது வகை, அதுவும் வளர்ச்சிதான். பாடிக்கொண்டிருந்தவள் கல்யாணத்துக்குப் பின் பாட்டை விட்டது மூன்றாவது. அதை ‘அனுசரிச்சுப் போறா’ என்று பாராட்டுகிற வழக்கம் நம் வீடுகளில் அதிகம். அந்தப் பாராட்டு ஓர் இழப்பை மறைக்கிறது.

பட்டியல் எழுதி முடித்ததும் இன்னொரு கேள்வி வையுங்கள்: ‘இந்த உறவுக்கு முன் இருந்து, இப்போது இல்லாத சொற்கள் எவை?’ அவற்றில் போனதே நல்லது என்பதற்கு ஒரு குறி, திரும்ப வேண்டும் என்பதற்கு வேறு குறி. திரும்ப வேண்டியதில் ஒன்றை எடுத்து, வாரம் எந்த நாள், எத்தனை மணி, அந்த நேரத்தில் வீட்டு வேலையை யார் பார்ப்பது என்று தாளிலேயே எழுதி முடிக்க வேண்டும். வீட்டு வேலைக்கான அந்தக் கடைசிக் கட்டம் காலியாக விடப்பட்டால் அந்தப் பாட்டு திரும்பாது.

இதை உட்கார்ந்து பேசும்போது யாருடைய கனவைப் பேசுகிறார்கள் என்று கவனியுங்கள். ரஸ்பல்ட், டிரிகோட்டாஸ் முதலானோர் 1999-இல் ‘மைக்கேலேஞ்சலோ விளைவு’ என்று பெயரிட்டது இதைத்தான். கல்லுக்குள் இருக்கும் உருவத்தைச் சிற்பி வெளிக்கொணர்வதுபோல, ஒருவர் ஆக விரும்பும் ஆளாக அவரைத் துணை நடத்தினால் அவர் அதை நோக்கி நகர்கிறார். துணை தன் விருப்பத்துக்குச் செதுக்கினால் இது நடக்காது. எனவே ஒருவர் ஐந்து நிமிடம் தன் விருப்பத்தைச் சொல்லட்டும். மற்றவர் யோசனை சொல்லக் கூடாது, கேள்வி மட்டும் கேட்கலாம்.

மருதநிலா

மூவருக்கும் நன்றி. காலியான கட்டம் என்று அக்கா சொன்னதைத் தனி அமர்வாகவே வைக்கிறேன். 36 கேள்விகள் பற்றி யாராவது?

வடகரை

1997 ஆய்வு அது. அறிமுகமில்லாத இருவருக்கிடையே ஆய்வகத்தில் 45 நிமிடத்தில் தற்காலிக நெருக்கத்தை உண்டாக்கச் செய்த கருவி. 12 கேள்வி வீதம் மூன்று அடுக்கு, போகப்போக ஆழம் கூடும். காதல் மந்திரமாக அதை யாரும் உருவாக்கவில்லை.

பழைய தம்பதிகள் பலர் பாதிப் பதிலை ஏற்கெனவே அறிவார்கள். அதனால் இரண்டு தம்பதிகளைச் சேர்த்து உட்கார வையுங்கள். இப்படி நாலு பேராகச் செய்தபோது ஒவ்வொரு தம்பதிக்குள்ளும் நெருக்கம் கூடியதை ரிச்சர்ட் ஸ்லாட்சர் 2010-இல் காட்டியிருக்கிறார். தன் கணவர் வேற்றாளிடம் பதில் சொல்வதைக் கேட்கும்போது மனைவிக்கும் அவர் கொஞ்சம் புதியவராகிறார். முன்பின் பழக்கமில்லாத ஜோடிகளாகப் பாருங்கள், உறவுக்காரர்கள் வேண்டாம். அடுக்குக்குப் பதினைந்து நிமிடம், ஒரே கேள்விக்கு நால்வரும் பதில், முதலில் பேசுபவர் ஒவ்வொரு கேள்விக்கும் மாற வேண்டும். நாலு பேர் என்பதால் 12 கேள்வியும் முடியாது, அடுக்குக்கு நாலைந்து தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் அடுக்குக்கு வராமல் நிறுத்திவிடாதீர்கள்.