உயிரியல் படித்தவரும் மலட்டு மாத்திரைக் கதையை நம்புவது ஏன்?

மகாவலிக்கரை எழுதியது:

வணக்கம். கண்டி மாவட்டத்துப் பாடசாலை ஒன்றில் தமிழ் கற்பிக்கிறேன். என்னுடன் 11 ஆண்டுகளாகப் பணியாற்றும் சிங்கள ஆசிரியை ஒருவர் உயிரியல் பட்டதாரி. 2018 மார்ச்சில் எங்கள் மாவட்டத்துத் திகனயில் முஸ்லிம்களுக்கு எதிராக நடந்த வன்முறையை அடுத்து ஊரடங்குச் சட்டம் போடப்பட்டபோது, அயலிலிருந்த முஸ்லிம் வீட்டுக் குழந்தைகளுக்குப் பால்மாவும் பாணும் கொண்டுபோய்க் கொடுத்தவர். அதே ஆசிரியை சென்ற வாரம் ஆசிரியர் ஓய்வறையில், முஸ்லிம்களின் சாப்பாட்டுக் கடைகளில் சிங்களவருக்குக் கொடுக்கும் உணவில் மலட்டு மாத்திரை கலந்தது உண்மைதான் என்றும், அரசாங்கம் அதை மூடிமறைத்துவிட்டது என்றும் கூறினார். ஒரு வேளை உணவில் கலந்து ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை எதுவும் இல்லை என்பதையும், கருத்தடை மாத்திரையை நாள்தோறும் உட்கொள்ள வேண்டும், நிறுத்தினால் கருவுறும் ஆற்றல் திரும்பிவிடும் என்பதையும் எனக்கு விளக்கக்கூடியவரே அவர்தான். அறியாமை இதற்குக் காரணமில்லை என்றால் வேறு எது காரணம்? அவரிடம் நான் எப்படிப் பேசுவது?

கிழக்கு வாசகன் எழுதியது:

ஆசிரியர் அவர்களே, அம்பாறையில் நடந்ததை ஒழுங்காக நினைவுபடுத்திக்கொண்டால் உங்கள் கேள்விக்குப் பாதி விடை கிடைக்கும். 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு, கடையொன்றில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர் கறியில் கட்டியாக எதையோ கண்டு, அது மலட்டு மாத்திரை என்று சத்தமிட்டார். கூட்டம் சேர்ந்தது. காசுமேசையில் இருந்தவர் தமிழ் பேசும் முஸ்லிம். சிங்களம் சரியாகத் தெரியாதவர். சுற்றி நின்றவர்கள் கேட்டது முழுதாக விளங்காமல், அச்சத்தில், ஆம் என்ற பொருள்படச் சில சொற்களைச் சொல்லிவிட்டார். அதைக் கைப்பேசியில் பதிந்து முகநூலில் ஏற்றினார்கள். கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன.

பின்னர் அரச பகுப்பாய்வாளர் அந்த உணவைச் சோதித்து, அதில் இருந்தது மாவுக்கட்டி என்று அறிவித்தார். ஆனால் உங்கள் தோழி கண்டது அறிக்கையை அன்று, ஒரு மனிதன் தன் வாயாலேயே ஒப்புக்கொள்ளும் காட்சியை. கண்ணால் கண்டு காதால் கேட்ட ஒன்றை, சில நாட்கள் கழித்து வரும் ஆய்வுகூட முடிவு எப்படி அழிக்கும்? முடிவு மாறி வந்ததே மூடிமறைத்ததற்குச் சான்றாக அவருக்குத் தோன்றியிருக்கும். எங்கள் பகுதி மக்களுக்கு அந்தக் காணொளியில் தெரிந்தது மிரண்டுபோன ஒரு மனிதன். அவருக்குத் தெரிந்தது பிடிபட்ட ஒரு குற்றவாளி. இரு மொழியும் தெரிந்த ஒருவர் அன்று அந்தக் கடையில் இருந்திருந்தால் என்று எண்ணி நான் பலமுறை வருந்தியிருக்கிறேன்.

பழைய கொழும்பான் எழுதியது:

மேலே எழுதியவரின் கருத்தை ஏற்கிறேன். ஆயினும் பழியை முகநூல் மேல் மட்டும் சுமத்திவிடக் கூடாது. அந்நிறுவனத்தின் தவறு பெரிது: சிங்களத்தில் வந்த வெறுப்புப் பதிவுகளைப் பற்றிச் செய்த முறைப்பாடுகளை அது உரிய காலத்தில் கவனிக்கவில்லை, 2020 மே மாதத்தில்தான் மன்னிப்புக் கேட்டது. அரசாங்கமோ 2018 மார்ச்சில் அவசரகால நிலையை அறிவித்து, முகநூல், வட்ஸ்அப், வைபர் ஆகியவற்றைச் சில நாட்கள் முடக்கியது.

ஆனால் 1958இல் முகநூல் எங்கே இருந்தது? மட்டக்களப்பில் கற்பித்த பாணந்துறை ஆசிரியை ஒருவரைத் தமிழர்கள் சிதைத்துக் கொன்றுவிட்டார்கள் என்ற கதை அன்று தீயாகப் பரவித் தமிழர் பலரின் உயிருக்கு உலைவைத்தது. விசாரித்துப் பார்த்தபோது அப்படி ஓர் ஆசிரியையே இருக்கவில்லை. 1983 ஜூலை 29, வெள்ளிக்கிழமை, புலிகள் கொழும்புக்குள் வந்துவிட்டார்கள் என்ற வதந்தி கிளம்பியபோது நான் அந்நகரில் இருந்தேன். அந்த வாரம் நடந்து சற்று அடங்கியிருந்த தமிழர் படுகொலை மறுபடி தொடங்கியது. எதிர்ப்பட்டவர்களிடம் ஓடுங்கள், ஓடுங்கள் என்று கூவிக்கொண்டு ஓடியவர்கள் பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை. அவர்கள் உண்மையாகவே நடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

தங்கள் இனம் அருகிவருகிறது என்ற அச்சம் பெரும்பான்மை மக்களிடம் நெடுங்காலமாக ஊட்டப்பட்டது. குடிசனமதிப்பு அதற்கு இடம் தரவில்லை. சிங்களவர் 1981இல் ஏறத்தாழ 74 விழுக்காடு. 2012இல் ஏறத்தாழ 75. இதே காலத்தில் முஸ்லிம்களின் பங்கு இரண்டு விழுக்காட்டளவு கூடியது உண்மை, ஆனால் அது சிங்களவரின் பங்கைக் குறைக்கவில்லை. அச்சம் முன்னதாகவே இருந்தபடியால் மாத்திரை அதற்கு ஓர் உருவம் கொடுத்தது, அவ்வளவே. நம் தமிழரும் இதற்கு விலக்கல்லர். உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பின் முஸ்லிம்களைப் பற்றி வந்த எத்தனை செய்திகளை, உறுதி செய்யாமல், என் உறவினர்களே எனக்கு அனுப்பினார்கள்!

ஓய்வுபெற்ற தாதி எழுதியது:

2019 மே மாதம் குருநாகலில் நடந்ததை யாரும் சொல்லவில்லை. முஸ்லிம் மருத்துவர் ஒருவர் சிசேரியன் சத்திரசிகிச்சையின்போது 4,000 சிங்களப் பெண்களை இரகசியமாக மலடாக்கினார் என்று ஒரு நாளிதழ் முதற்பக்கத்தில் எழுதியது. அவரைக் கைது செய்தார்கள். குற்றப் புலனாய்வுத் திணைக்களம் விசாரித்து, சான்று எதுவும் இல்லை என்று நீதிமன்றத்துக்கு அறிவித்தது. மயக்க மருந்து கொடுப்பவரும் தாதியரும் சூழ்ந்து நிற்கும் சத்திரசிகிச்சைக் கூடத்தில் ஒருவர் அத்தனை ஆயிரம் முறை களவாக அப்படிச் செய்ய முடியாது என்பது எங்களுக்கு அன்றே தெரியும்.

என்றாலும் நூற்றுக்கணக்கான பெண்கள் முறைப்பாடு செய்ய வந்தார்களே, அவர்களை நான் குறைகூற மாட்டேன். இரண்டாவது பிள்ளைக்காக ஏங்கி, மாமியாரின் ஏச்சைக் கேட்டு, காரணம் தெரியாமல் தன்னையே நொந்துகொண்ட பெண்ணிடம், குற்றம் உன்னுடையதன்று, அவனுடையது என்று யாரோ சொன்னார்கள். அதை அவள் எப்படி மறுப்பாள்? ஆசிரியர் தம்பி, உங்கள் தோழியிடம் விஞ்ஞானத்தை வாதாட வேண்டாம்; அவருக்கு அது தெரியும். எப்போது, யார் சொல்லி நம்பத் தொடங்கினார் என்று மட்டும் கேளுங்கள்.

மகாவலிக்கரை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. அக்கா சொன்னபடி இன்று தேநீர் இடைவேளையில் கேட்டேன். நெடுநேரம் பேசாமல் இருந்தவர், தம் தங்கைக்குக் குருநாகலில் சிசேரியன் மூலம் முதற் குழந்தை பிறந்ததாகவும், அதன் பின் ஆறு ஆண்டுகளாக மற்றொரு குழந்தை இல்லை என்றும் கூறினார். அவர் தம் கருத்தை மாற்றிக்கொண்டதாக நான் சொல்ல முடியாது. ஆனால் அம்பாறைக் காசாளருக்குச் சிங்களம் தெரியாது என்பதை இதுவரை தாம் கேள்விப்பட்டதே இல்லை என்று சொல்லி, அந்தக் காணொளியை மீண்டும் போட்டுக் காட்டும்படி கேட்டார். பகுப்பாய்வு முடிவைச் சிங்களத்திலேயே வாசிக்க வேண்டும் என்றார். அந்த அறிக்கையின் சிங்களப் பிரதி எவரிடமாவது இருந்தால் இங்கே பதிவிடுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் கிடைத்தால் அச்சிட்டு அவரிடம் கொடுத்துவிடுவேன்.