மறைபணிக்குச் சென்ற முதல் வாரம்: இன்றும் உறுத்துகிற ஒரு நிகழ்வு

மடாங் மலைப்பங்கு

நான் குருப்பட்டம் பெற்ற ஏழாம் மாதம், 2023இல், பாப்புவா நியூ கினிக்குச் சென்றேன். விசாவுக்குக் காத்திருந்தது, போர்ட் மோர்ஸ்பி விமான நிலையத்தின் புழுக்கம் எல்லாம் இந்தக் குழுவில் உள்ளவர்களுக்குத் தெரிந்தவையே என்பதால், நேராக ஆறாம் நாளான ஞாயிற்றுக்கிழமைக்கு வந்துவிடுகிறேன். மடாங் நகரிலிருந்து மலைமேல் உள்ள ஒரு கிளைப்பங்கில், தகரக் கூரை போட்ட சிற்றாலயத்தில் திருப்பலி. எண்ணூறுக்கும் மேற்பட்ட மொழிகள் உள்ள அந்நாட்டில் எல்லாருக்கும் பொதுவாக இருப்பது தோக் பிசின். "நற்செய்திக்குப் பிறகு அதில் இரண்டு வரி சொல்லுங்கள், மக்கள் மகிழ்வார்கள்" என்று பங்குத்தந்தை என்னிடம் சொல்லியிருந்தார்.

ஊரிலிருந்து புறப்படும் முன்பே, ‘பாப்பா பிலோங் மிபெலா’ என்று தொடங்கும் ஆண்டவர் கற்பித்த செபத்தை நான் மனப்பாடம் செய்திருந்தேன். மிபெலா என்பதற்கு ஆங்கிலத்தில் ‘வீ’ என்று ஒரு கையேட்டில் எழுதியிருந்தது. அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. பீடத்தின் முன் நின்று, ‘ஜீசஸ் இ தை பிலோங் கிசிம் பெக் மிபெலா’ என்று, அதாவது இயேசு நம்மை மீட்பதற்காகவே இறந்தார் என்று, கணீரென்ற குரலில் சொன்னேன். பெண்கள் பக்கத்தில், முன்வரிசையில், பிலும் என்ற கயிற்றுப் பின்னல் பையை மடியில் வைத்தபடி தரையில் அமர்ந்திருந்த ஒரு மூதாட்டி, பாக்கினால் சிவந்த வாயைத் திறந்து, "நா மிபெலா?" என்று கேட்டார். ஆலயமே சிரித்தது. அங்கே மறைக்கல்வி கற்பிக்கும் உபதேசியார் இருமுவதுபோல் திரும்பிக்கொண்டார். அந்த மூதாட்டி மட்டும் சிரிக்கவில்லை.

அவர் கேட்டது, "அப்படியானால் நாங்கள்?" என்பதே. மிபெலா என்றால் கேட்பவரைச் சேர்க்காத ‘நாங்கள்’. கேட்பவரையும் சேர்த்துக்கொள்கிற ‘நாம்’ என்பதற்கு யூமி என்று தனிச்சொல் இருக்கிறது. இயேசு எங்களுக்காக மட்டும் இறந்தார், உங்களுக்காக அல்ல என்று நான் அறிவித்திருந்தேன். செபத்தில் மிபெலா வருவது முற்றிலும் சரி. இறைவனையே பார்த்து ‘நம் தந்தையே’ என்றால் அவருக்கும் ஒரு தந்தை இருப்பதாக ஆகிவிடும் என்பதால்தான் நாமும் ‘எங்கள் தந்தையே’ என்கிறோம். பிறந்தது முதல் நாங்கள், நாம் என்று பிரித்துப் பேசி வளர்ந்த ஒரு தமிழன், ஆங்கிலத்தின் வழியாகப் போனதால் அல்லவா இதில் விழுந்தான்?

திருப்பலி முடிந்ததும் அவரைத் தேடிப்போய், ‘யூமி, யூமி’ என்றேன். "எம் நாவ்", அதேதான், என்று தலையசைத்து, ஒரு பச்சைப் பாக்கைப் பல்லால் உடைத்து என் கையில் வைத்தார். அங்கே வெற்றிலை போடுவதில்லை; வெற்றிலைக் கொடியின் திரிபோன்ற காயைச் சுண்ணாம்பில் தோய்த்துப் பாக்குடன் மெல்லுகிறார்கள். எனக்குத் தலை சுற்றி வியர்த்துவிட்டது. அடுத்த மூன்று ஞாயிறுகள் அவர் ஆலயத்துக்கு வரவில்லை. தோட்ட வேலை என்றார் உபதேசியார். நான் அதைப் பாதிதான் நம்பினேன்.

மலைநாட்டுச் சகோதரி

ஃபாதர், மடகாஸ்கரின் மலகாசி மொழியிலும் இதே வேறுபாடு உண்டு. நாம் என்பதற்கு இசிகா, நாங்கள் என்பதற்கு இசஹாய். எனக்குக் கற்றுக்கொடுத்த மூத்த சகோதரி முதல் பாடத்திலேயே, "தமிழில் நினைத்துக்கொள், பிழை வராது" என்று சொல்லிவிட்டதால் அதில் நான் தப்பினேன். ஆனால் விரலில் மாட்டிக்கொண்டேன்.

மடகாஸ்கரின் நடுமேட்டு நிலத்தில், நான் சென்ற நான்காம் நாள், மடத்துப் பள்ளிச் சிறுமி ஒருத்தியுடன் வயல்வரப்பில் நடந்துகொண்டிருந்தேன். மேட்டின்மேல் சுண்ணாம்பு பூசிய உறுதியான கற்கட்டடம் ஒன்று தெரிந்தது. சுற்றியிருந்த மண்வீடுகளைவிட அது அழகாக இருந்ததால், ஆள்காட்டி விரலை நீட்டி, "அது யாருடைய வீடு?" என்று அரைகுறையாகக் கேட்டேன். அந்தக் குழந்தை பாய்ந்து வந்து என் விரலைத் தன் இரு கைகளாலும் பிடித்து மடக்கியது. மடக்கிய பிறகும் விடாமல் பிடித்துக்கொண்டே நின்றது. அது கல்லறை. கல்லறையை விரல் நீட்டிக் காட்டுவது அங்கே ஃபாடி, அதாவது விலக்கு. காட்டியே ஆக வேண்டுமென்றால் விரலை மடக்கி முட்டியால் காட்ட வேண்டும். என் விரல் விழுந்துவிடுமென்று அவள் அஞ்சினாள்.

பூசணிப் பிஞ்சை விரல் நீட்டிக் காட்டினால் அழுகிவிடும் என்று என் அப்பத்தா சொல்வார்; நானும் சிறு வயதில் பந்தலுக்கு அடியில் விரலை மடக்கித்தான் காட்டியிருக்கிறேன். இருந்தும் அந்த மாலை மடத்துக்குத் திரும்பியதும், மூடநம்பிக்கையைப் பற்றி அவளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்று என் நாட்குறிப்பில் எழுதினேன். விரலை நீட்டியதைவிட அந்த வரியை எழுதியதுதான் எனக்கு இன்றும் கூச்சமாக இருக்கிறது.

நாழிகைக் கணக்கர்

முதல் பதிவை எழுதிய தந்தை அவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆறாம் நாளே மறையுரை ஆற்றச் சொன்ன பங்குத்தந்தையும் தவறு, ஒப்புக்கொண்ட நீங்களும் தவறு. 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு, இருபத்து நான்கு வயது நிரம்பாத இளைஞர். அவர் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகளோடு அமர்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் எழுத்துகளைக் கற்றார். 1715இல் அச்சேறிய தமிழ்ப் புதிய ஏற்பாடு அந்த மணலிலிருந்து வந்ததே. முதலில் மணல், பிறகுதான் பீடம்.

என் கதை சிறியது. தான்சானியாவில் மூன்றாம் நாள், ஒரு சிற்றூரில் ஆராதனை ‘சா ம்பிலி’க்கு என்றார்கள். இரண்டு மணி என்று எண்ணி, உண்டு உறங்கிப் பிற்பகல் இரண்டுக்குப் போனேன். அங்கே ஒரு முதியவரும் ஒரு சைக்கிளும் மட்டும் இருந்தார்கள். சுவாகிலியில் நேரத்தைச் சூரிய உதயத்திலிருந்து எண்ணுவார்கள். சா ம்பிலி என்றால் காலை எட்டு மணி. திராட்சைத் தோட்டத்துக்குப் பதினோராம் மணி வேளையில், அதாவது இதே கணக்கில் மாலை ஐந்து மணிக்கு, வேலைக்கு வந்தவர்களைப் பற்றிய இயேசுவின் உவமையைப் பலமுறை பிரசங்கித்தவன் நான். அந்த முதியவர் ஆறு மணி நேரம் காத்திருந்திருக்கிறார். என்னைக் கண்டதும் எழுந்து நாற்காலியைத் துடைத்தார்.

புதிதாகச் செல்பவர்கள் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். ஆப்பிரிக்கா செல்வோர் மஞ்சள் காய்ச்சல் ஊசியைப் பயணத்துக்குக் குறைந்தது பத்து நாள்களுக்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். 2016 முதல் அந்தச் சான்றிதழ் ஆயுள் முழுவதற்கும் செல்லும், ஆகவே மறுமுறை போடச் சொல்பவர்களிடம் பணத்தை இழக்காதீர்கள். அந்நோய் உள்ள நாடுகளிலிருந்து சான்றிதழ் இல்லாமல் ஊர் திரும்பினால், இந்தியாவில் ஆறு நாள் வரை தனிமைப்படுத்திவிடுவார்கள். மலேரியா மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். திரும்பி வந்த பிறகும் அவர் சொன்ன நாள் வரை விடாமல் உண்ணுங்கள். மருந்து தோய்த்த கொசுவலையை மெத்தைக்கு அடியில் செருகியே படுக்க வேண்டும். கடவுச்சீட்டின் படியை உடுப்புப் பெட்டியில் வைக்காமல் வேறு பையில் வையுங்கள். ஊறுகாய்ப் புட்டியை இரண்டு நெகிழிப் பைகளில் கட்டுங்கள். என் வெள்ளை அங்கி ஒன்று மாவடு வாசனையுடன் இரண்டு ஆண்டுகள் பணியாற்றியது.

மடாங் மலைப்பங்கு

பாப்புவா நியூ கினியில் மஞ்சள் காய்ச்சல் கிடையாது ஐயா. மலேரியாதான் உண்டு, அதை நான் இருமுறை பெற்றுக்கொண்டேன். சீகன்பால்கு ஒப்பீட்டை ஏற்கிறேன். ஆனால் மணல் அங்கேயும் இருந்தது. அமரச் சொல்லத்தான் ஆளில்லை. மறையுரை ஆற்றும்படி எவரும் என்னை வற்புறுத்தவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வரி கேட்டார்கள். நான்தான் ஆறு வரி சொன்னேன்.

சகோதரியின் நாட்குறிப்பைப் படித்ததும், எழுதாமல் விட்டதொன்று நினைவுக்கு வந்தது. 2025 அக்டோபர் 19 அன்று, அந்நாட்டின் முதல் புனிதராகப் பீட்டர் தோ ரோட் அறிவிக்கப்பட்டார். அவரும் ஓர் உபதேசியார், 1945இல் கொல்லப்பட்டவர். அதைக் கொண்டாட எங்கள் தகரக் கூரை ஆலயத்தில் கூடியபோது, இரண்டு ஆண்டுகளாகச் சேர்த்துவைத்த கவனத்தையெல்லாம் திரட்டி, ‘சாந்து பிலோங் யூமி’, நம்முடைய புனிதர், என்று அழுத்திச் சொன்னேன். பின்வரிசையிலிருந்து ஒரு சிறுவன், "நோகத்! சாந்து பிலோங் மிபெலா!" என்று கத்தினான். எங்களுடையவர், உங்களுடையவர் அல்லர்.

எல்லாரும் சிரித்தார்கள். நான் பெண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தேன். மூதாட்டி அதே இடத்தில்தான் அமர்ந்திருந்தார். பிலும் பையிலிருந்து ஒரு பாக்கை எடுத்துத் தோலை உரித்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.