தொடாமலே விளையாட்டு: மருத்துவமனையில் உங்கள் பிள்ளைகளிடம் கண்டதை எழுதுங்கள்

லண்டனில் வசிக்கும் ஒரு தந்தை:

என் மகளுக்கு ஐந்து வயதில் இங்கே கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நடந்தது. மயக்க மருந்து அறைக்குப் போகும் நடைவழியில் சுவர் முழுக்கக் காடு. அருகில் ஆள் போனால் மரங்களுக்கு நடுவே ஒளியாலான குதிரை நடக்கும், மான் தோன்றும், முள்ளெலி ஓடும். ஜேசன் ப்ரூஜஸ் ஸ்டூடியோ 2012-இல் அமைத்தது அது. சுவர்த்தாளுக்குப் பின்னால் 70 எல்இடி பலகைகள், அவற்றில் 72,000 விளக்குகள். பலகைகளை வெவ்வேறு உயரங்களில் பொருத்தியிருக்கிறார்கள். நடந்து போகும் பிள்ளைக்கும் டிராலியில் படுத்தபடி போகும் பிள்ளைக்கும் ஏதேனும் ஒரு விலங்கு கண்ணில் பட வேண்டும் அல்லவா?

அன்று காலையிலிருந்து அவளை எத்தனை கைகள் தொட்டிருக்கும்! காய்ச்சல் பார்த்தார்கள், இரத்த அழுத்தப் பட்டையைக் கட்டினார்கள், ஊசிக்கு முன் மரத்துப்போவதற்கான களிம்பைப் பூசினார்கள். எல்லாரும் கனிவானவர்கள்தான். ஆனாலும் எதுவுமே அவளைக் கேட்டு நடக்கவில்லை. அந்தச் சுவருக்கு முன்னால் அவள் கையை அசைத்தாள், மான் வந்தது. நின்று, மறுபடியும் அசைத்துப் பார்த்தாள். உடன் வந்த செவிலியர் அவசரப்படுத்தவில்லை. “அப்பா, நான் கூப்பிட்டதால்தான் வந்தது” என்றாள்.

கிருமிக்குப் பயந்துதான் தொடாத விளையாட்டு என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நோயுற்ற பிள்ளைக்குத் தன் பேச்சு எடுபடுகிற ஓரிடம் வேண்டும்.

குழந்தைகள் புற்றுநோய் வார்டில் பணியாற்றும் செவிலியர்:

அண்ணன் சொல்வது உண்மை. என்றாலும் கிருமியை நான் அவ்வளவு எளிதில் ஒதுக்கிவிட மாட்டேன். கீமோவுக்குப் பிறகு கிருமியை எதிர்க்கும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 500-க்குக் கீழே இறங்கிவிட்டால் சாதாரணக் கிருமிகூட உயிருக்கு உலை வைத்துவிடும். கழுவ முடியாத பஞ்சுப் பொம்மைகளை உள்ளே விடமாட்டோம். தொடுதிரை என்றால் ஒரு பிள்ளை விளையாடி முடித்ததும் துடைத்துத்தான் அடுத்த பிள்ளைக்குத் தர வேண்டும். கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சி. டிஃபிசில் கிருமியின் வித்துகள் ஆல்கஹாலுக்கு மசியாது. குளோரின் கலவை வேண்டும். இரவுப் பணியில் அதற்கு ஆள் எங்கே?

எங்கள் வார்டில் தனியறையில் இருந்த ஒரு சிறுவனுக்காகக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே சாதாரண வெப் கேமராவும் புரொஜெக்டரும் வைத்தார்கள். கருவி எதுவும் அறைக்குள் போகவில்லை. அவன் உள்ளே கையசைத்தால் எதிர்ச்சுவரில் பட்டாம்பூச்சி இடம் மாறும். பக்கத்து அறையிலிருந்த சிறுமிக்கும் அந்தச் சுவர் தெரியும் என்பதால் அவள் கதவருகிலும் ஒரு கேமரா வைத்தோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே இருவரும் அதை மாறி மாறித் துரத்தினார்கள். வாரக்கணக்கில் பெரியவர்களை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைக்கு விளையாட இன்னொரு பிள்ளை கிடைத்தது. எனக்கு அதைவிடப் பெரிதாக எதுவும் தெரியவில்லை.

விளையாட்டு மென்பொருள் எழுதுபவர்:

உடலசைவைப் பார்த்து விளையாட்டை இயக்கும் மைக்ரோசாஃப்ட்டின் கேமராக் கருவியான கினெக்ட் 2010 நவம்பரில் வந்தது. அது வீட்டு வரவேற்பறையில் நின்று ஆடுபவர்களுக்காக உருவானது. போர்வைக்குள் படுத்திருக்கும் பிள்ளையின் உடல் மெத்தையோடு ஒன்றிவிடுவதால் கருவி தடுமாறும். 2017-இல் அதன் உற்பத்தியும் நின்றுவிட்டது. 2019-இல் கூகுள் வெளியிட்ட மீடியாபைப் என்ற மென்பொருள், வெறும் கேமராப் படத்திலிருந்தே கையில் 21 புள்ளிகளைக் கண்டுகொள்கிறது. அருமையான கருவிதான். ஆனால் மருந்து ஏற்றும் வென்ஃப்ளான் ஊசிக்குழாயைக் குத்தி, அட்டை வைத்துக் கட்டிய கையை அடிக்கடி தவறவிடுகிறது. வார்டில் அப்படிப்பட்ட கைகள்தான் அதிகம்.

ஆகவே நான் விரல்களைத் தேடுவதில்லை. கேமரா எடுக்கும் அடுத்தடுத்த படங்களுக்குள் எது மாறியது என்று மட்டும் பார்க்கிறேன். பாதம் அசைந்தாலும் போதும், தலை திரும்பினாலும் போதும். கையைத் தூக்கியே வைத்திருக்கச் சொல்லும் விளையாட்டு வேண்டவே வேண்டாம். நல்ல உடல்நிலையில் இருக்கும் பெரியவர்களுக்கே தோள் வலித்துவிடும். வெற்றி தோல்வியும் நேரக் கெடுவும் நான் வைப்பதில்லை. மருத்துவர் ரவுண்ட்ஸ் வந்தால் பாதியில் நிறுத்த வேண்டியிருக்கும், அதற்காகப் பிள்ளை தோற்றுப்போகக் கூடாது. இன்னொன்று: ஒளி வினாடிக்கு மூன்று முறைக்கு மேல் மின்னக் கூடாது. வலிப்பு வரக்கூடிய பிள்ளைகளும் அங்கே இருப்பார்கள். கேமராப் படம் எதையும் சேமிக்காதீர்கள்.

தசைநோய் உள்ள சிறுவனின் தாய்:

நாங்களும் லண்டன்தான். ராயல் லண்டன் மருத்துவமனையில் ‘உட்லண்ட் விகிள்’ என்றொரு விளையாட்டு இருக்கிறது. மாபெரும் தொலைக்காட்சிப் பெட்டி போன்ற திரையில் பிள்ளைகள் தங்களையே காட்டுக்குள் பார்க்கலாம். உடலை அசைத்தே படம் தீட்டலாம், இசை எழுப்பலாம், மழையும் பனியும் பொழியவைக்கலாம். என் மகன் சக்கர நாற்காலியிலிருந்து தலையை மட்டும் ஆட்டி விளையாடினான், முகமெல்லாம் பூரிப்பு.

ஆனால் அவன் களைத்துப்போகும் வேளைகளும் உண்டு. அப்போது எதுவும் தன்னைப் பார்த்து ஆடுவதே அவனுக்குப் பிடிக்காது. வீட்டிலும் வார்டிலும் அவனுக்காக வைக்கும் எந்தத் திரையையும் அணைக்க இன்னொருவரைத்தான் கூப்பிட வேண்டியிருக்கிறது. தம்பி, கண்ணை மூடினால் அணையும்படி எழுத முடியுமா?

விளையாட்டு மென்பொருள் எழுதுபவர்:

முடியும் அக்கா. இரண்டு வினாடி மூடியிருந்தால் அணையும்படி வைத்தால் சாதாரண இமைப்போடு குழப்பிக்கொள்ளாது. மீண்டும் தொடங்குவதும் அவன் கையில்தான் இருக்க வேண்டும். தலையைத் திருப்பினால் தொடங்கும்படி செய்யலாமா என்று அவனிடமே கேளுங்கள். இரவில் மூச்சுக்கு உதவும் பைபாப் கருவியின் மாஸ்க் போடுகிறானா? அது மூக்கை மட்டும் மூடுகிறதா, வாயையும் சேர்த்தா? முகத்தில் பாதி மறைந்தால் கண்ணைக் கண்டுபிடிக்கும் முறையை மாற்றி எழுத வேண்டும். அறையில் எவ்வளவு வெளிச்சம் இருக்கும் என்பதையும் எழுதுங்கள்.