காக்கைகள் பறக்கும் கோதுமை வயல்: பார்த்தவர்கள் சொல்லுங்கள்

பாளைக்காரன்:
டச்சு ஓவியர் வான்கோவின் அந்தக் கோதுமை வயல் படம் எல்லோருக்கும் தெரியும். அதன் அச்சுப் பிரதியைப் புது வீட்டின் முன்னறையில் மாட்டியிருந்தேன். பால்காய்ப்பு அன்று அத்தை வந்தார். காக்கையைப் பற்றித்தான் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவரோ படத்தின் நடுவே போகும் பாதையில் விரலை வைத்து, "மருமகனே, இது வயலுக்குள் பாதியிலேயே நின்றுவிட்டதே, உள்ளே போனவன் எப்படித் திரும்புவான்?" என்றார். இப்போதெல்லாம் என் கண் நேரே அங்கேதான் போய் முட்டுகிறது. கருநீல வானமெல்லாம் பிறகுதான்.

ஆற்றங்கரையான்:
கடைசி ஓவியம், சாவின் அறிகுறி என்று யாராவது தொடங்கும் முன் சொல்லிவிடுகிறேன்: அது கடைசி ஓவியம் இல்லை. 1890 ஜூலையில் வரைந்தார். 29ஆம் தேதி இறப்பதற்குள் வேறு படங்களும் வரைந்தார். கொந்தளிக்கும் வானத்தின்கீழ் வயல்களை வரைந்ததைப் பற்றித் தம்பிக்கு எழுதியபோது, துயரத்தையும் கடும் தனிமையையும் காட்ட முயன்றதாகச் சொன்னார். நாட்டுப்புறம் தரும் தெம்பையும் அதே கடிதத்தில்தான் சொன்னார். பாதியை மட்டும் படித்துவிட்டு ஒப்பாரி வைக்கிறார்கள்.

என் அனுபவம் சிறியது. ஆடி அமாவாசையன்று நண்பர் ஒருவர் இந்தப் படத்தைப் பார்த்து, "இத்தனை இருந்தும் எங்கள் மாடிக்கு ஒன்றுகூட வரவில்லையே" என்று பொருமினார்.

கல்லிடை வாசகர்:
கடிதத்தை வைத்துத்தான் படத்தைப் பார்க்க வேண்டும் என்றால், கடிதம் எழுதாத நம் ஊர் ஓவியர்களை என்ன செய்வது? நெல்லைப் பக்கம் திருப்புடைமருதூர்க் கோயில் கோபுரத்துக்குள் சுவரோவியமாகக் குதிரைகளை ஏற்றி வரும் கப்பல் இருக்கிறதே, அதன் முன் நின்று என் மகள், "குதிரைகளுக்குப் பயமாக இருக்காதா?" என்று கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை.

போகிறவர்களுக்கு: கோயிலில் அனுமதி கேட்டு ஏறுங்கள். பிளாஷ் போடாதீர்கள், சுவரில் தோள் உரச வேண்டாம். ஏறியதும் ஓவியங்களில் அரசரையும் தெய்வத்தையும் தேடாமல், முதலில் நிலத்தையும் நீரையும் பாருங்கள். அதற்குத்தானே நம்மிடம் சங்கப் பாடல்களின் திணை இலக்கணம் இருக்கிறது? நிலமும் பொழுதும் முதற்பொருள், மரமும் பறவையும் கருப்பொருள், உணர்வு உரிப்பொருள். அந்தக் கணக்கில் வயல் மருதம், மருதத்துக்கு ஊடல். வான்கோ யாரோடோ பிணங்கியிருக்கிறார், அவ்வளவுதான்!

அம்பை விவசாயி:
மருதத்துக்குப் பொழுது வைகறை ஐயா. படத்தில் இருட்டிக்கொண்டு வருகிறது. பொழுதை விட்டுவிட்டுத் திணை சொல்லக் கூடாது. விளைந்து நிற்கும் பயிர்மேல் அப்படி மேகம் திரண்டால் ஊடலும் வராது, தனிமையும் வராது, வயிறு கலங்கும். ஒரு கார் நெல் அறுப்பின்போது மழை பிடித்துக்கொண்டு, அறுப்பு இயந்திரம் சேற்றில் இறங்க மாட்டாமல் வரப்போரம் நின்றது. அன்று எவராவது இந்தப் படத்தைக் காட்டி அழகு என்றிருந்தால் கிழித்துப் போட்டிருப்பேன்.