முதல் தோல்வியன்று பையனிடம் நான் சொன்ன பொய்

ராயபுரத்துச் சித்தப்பா:

என் அண்ணன் மகன் குத்துச்சண்டை ஆடுகிறான். இன்னும் பதினாறு முடியவில்லை. ஒன்பது பவுட் (சண்டை), ஒன்பதும் ஜெயம். அவன் தெருவில் போனால் டீக்கடையில் இருப்பவர்கள் கையை மடக்கிக் காட்டுவார்கள். போன மாதம் மாநிலப் போட்டி காலிறுதியில் முதல் தடவையாகத் தோற்றான். அஞ்சு ஜட்ஜில் நாலு பேர் எதிராளி பக்கம். அவன் தோற்றதற்காக நான் இதை எழுதவில்லை.

ரெஃபரி நடுவில் நின்று இரண்டு பேர் மணிக்கட்டையும் பிடித்திருக்கிறார். மைக்கில் அறிவிப்பு இன்னும் முடியவில்லை. அதற்குள் இவன் தன் கையைத் தானே மேலே தூக்கப் பார்க்கிறான். ரெஃபரி அதைக் கீழேயே அழுத்திப் பிடித்துக்கொண்டார். ரெண்டாவது ரவுண்டில் ஒரே வலது கை அடியை அஞ்சாறு தடவை வாங்கியவனுக்கு, தான் பின்னால் இருப்பது தெரியவே இல்லை.

வழக்கப்படி எதிர்க் கார்னருக்குக் கை கொடுக்கப் போனான். அந்தப் பையனின் மாஸ்டர் இவன் தலையைப் பிடித்து, "தம்பி, ஜாப் போட்டுட்டு கையை இடுப்புக்கு இறக்குற. போன வழியே தாடைக்குக் கொண்டா" என்றார். ஜாப் என்றால் முன் கையால் நேராகப் போடும் குத்து. அவர் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

கீழே வந்ததும் கை பேண்டேஜை நான்தான் அவிழ்த்தேன். வியர்வையில் ஊறி விரலிடுக்கெல்லாம் வெளுத்துக் கிடந்தது. "சித்தப்பா, நான் தோத்துட்டேனா?" என்றான். "நீதான்டா ஜெயிச்ச, ஜட்ஜுங்க அவன் பக்கம்" என்று சொல்லிவிட்டேன். உடனே அவன் முகம் தெளிந்தது. அந்தத் தெளிவுதான் இன்றுவரை உறுத்துகிறது. இப்போது வீட்டில் எல்லோரும் ஜட்ஜைத் திட்டுகிறார்கள். அவன் பயிற்சிக்குப் போய்ப் பத்து நாள் ஆகிறது.

பழைய சவுத்பா:

ஜட்ஜ் தப்பே செய்வதில்லை என்று நினைக்காதீர்கள். 1988 சியோல் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் அமெரிக்க வீரர் ராய் ஜோன்ஸ் ஜூனியருக்கு நடந்ததை உலகமே பார்த்தது. மூன்றுக்கு இரண்டு என்று கொரிய வீரருக்குத் தங்கத்தைக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் கம்ப்யூட்டர் ஸ்கோரிங் வந்தது. நான் ஆடியது அந்தக் காலத்தில். அஞ்சு ஜட்ஜில் மூணு பேர் ஒரே நொடிக்குள் பட்டனை அழுத்தினால்தான் பாயிண்ட்.

என் முதல் தோல்வியில் ஜட்ஜுக்கு வேலையே இல்லை. ரெண்டாவது ரவுண்டில் பலமான அடி வாங்கித் தடுமாறியதும், ரெஃபரி ஆட்டத்தை நிறுத்தி எனக்கு எட்டு எண்ணினார். அவர் விரல்களைப் பார்க்காமல் நான் கேலரியைப் பார்த்தேன். அப்பா எழுந்து நின்று செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். எட்டு எண்ணி முடிப்பதற்குள் படியிறங்கிவிட்டார். பாக்கி ஒன்றரை ரவுண்டை யாருக்காக ஆடினேன் என்று தெரியவில்லை. அதற்குப் பிறகும் ஆறு வருஷம் ஆடினேன். அவர் வந்த பவுட்டில் எல்லாம் மணி அடிக்கும் முன் அவர் காலைத்தான் பார்ப்பேன்.

நீங்கள் அங்கேயே நின்று அவன் பேண்டேஜை அவிழ்த்திருக்கிறீர்கள். அவனுக்கு அதுவும் ஞாபகம் இருக்கும்.

வெயிட் விஷயம்:

ஜட்ஜ், மாஸ்டர் எல்லாம் இருக்கட்டும். தன் எடைப் பிரிவுக்குள் வரப் பையன் எத்தனை கிலோ இறக்கினான்? இதை யாரும் கேட்கவில்லையே. எங்கள் தெருப் பையன் ஒருவனை மே மாத வெயிலில் ரெயின்கோட் போட்டு ஓடவிட்டார்கள். இரண்டு நாளில் மூன்று கிலோ. மூன்றாவது ரவுண்டில் அவன் கை ஏறவில்லை. தோற்ற பிறகு ஒரு பாட்டில் தண்ணீரை வாயை எடுக்காமல் குடித்தான். நான் பார்த்தது அவ்வளவுதான்.

தயவுசெய்து கேளுங்கள். தொழில்முறை வீரர்கள் முதல் நாளே வெயிட் கொடுத்துவிட்டு (எடை பார்த்துவிட்டு) மறுநாள் இரவு சண்டை போடுகிறார்கள். இடையில் சாப்பிட, தண்ணீர் குடிக்க ஒரு நாள் முழுசாகக் கிடைக்கும். நம் பிள்ளைகள் காலையில் வெயிட் கொடுத்துவிட்டு அன்றைக்கே ரிங்கில் ஏறுகிறார்கள். அந்த வீடியோக்களைப் பார்த்து இவர்களைக் காயவிடுவது பெரிய தப்பு. பதினாறு வயதில் உடம்பு வளர வேண்டும், மேல் வெயிட்டில் ஆடட்டும். தண்ணீர் வற்றிய உடம்பில் தலையில் அடி வாங்குவது இன்னும் மோசம். தலைவலி, வாந்தி, தூக்கக் கலக்கம் ஏதாவது இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். அது தீரும்வரை ஸ்பேரிங் (பயிற்சிச் சண்டை) வேண்டவே வேண்டாம். அப்புறம், வீடியோவை உடனே போட்டுக் காட்டாதீர்கள். ஒரு மாதமாவது போகட்டும்.

மான்செஸ்டர்வாசி:

ஒரு மாதமெல்லாம் ஆறப்போட வேண்டாம் என்பேன். 2008 செப்டம்பர் 6, இங்கே பிரிட்டிஷ் குத்துச்சண்டை வீரர் அமீர் கான் சண்டை. பதினேழு வயதில் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கிய பையன், தொழில்முறையில் பதினெட்டுக்குப் பதினெட்டு. எதிரே கொலம்பியாவின் பிரெஸ்காட். என் பக்கத்துச் சீட்டுக்காரர் குடிக்க ஏதோ வாங்கப் போனார். இரண்டு கையிலும் கோப்பையோடு திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. 54 விநாடி. அவர் என்னிடம் எதுவுமே கேட்கவில்லை. கோப்பைகளைத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

நான் சொல்ல வந்தது வேறு. அந்தத் தோல்வி புதிதாக எதையும் காட்டவில்லை. லிமண்ட், கோமஸ் என்ற இரண்டு வீரர்கள் கானை முன்பே கீழே தள்ளியிருந்தார்கள். எழுந்து ஜெயித்துவிட்டார் என்பதால் நாங்கள் யாரும் அதைப் பேசவில்லை. தோற்ற பிறகு அமெரிக்காவில் ஃப்ரெடி ரோச் என்ற பயிற்சியாளரிடம் போனார். அடுத்த ஜூலையில் இதே ஊரில் கோடெல்னிக்கை வென்று உலகப் பட்டம் வாங்கினார். சித்தப்பா, உங்கள் பையன் கையை இறக்குவது அந்த ஒன்பது ஜெயத்திலும் இருந்திருக்கும். பழைய வீடியோவைப் பாருங்கள்.

புத்தகப்புழு:

ஜாப்புக்குப் பிறகு கை இறங்குவதா? அமெரிக்க ஹெவிவெயிட் வீரர் ஜோ லூயிஸ் தொழில்முறையில் முதல் முறை தோற்றது அதனால்தான். 1936 ஜூன் 19, யாங்கி ஸ்டேடியம். வயது 22. எதிராளி ஷ்மெலிங், லூயிஸின் சண்டைப் படங்களைப் பார்த்து அதைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். பன்னிரண்டாவது ரவுண்டில் நாக்அவுட். இரண்டு வருடம் கழித்து அதே மைதானத்தில் லூயிஸ் அவரை முதல் ரவுண்டிலேயே முடித்தார். பையனிடம் இதைச் சொல்லுங்கள்.

மதுரை அம்மா:

எல்லோரும் பையன்களைப் பற்றியே எழுதுகிறீர்கள். என் மகள் பதினைந்து வயதில் முதல் தடவை தோற்றாள். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அன்று காலையில் கோயிலில் நின்று, அவள் தோற்க வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன். தோற்றால் விட்டுவிடுவாள், மூக்கு உடையாமல் வீட்டோடு இருப்பாள் என்று நினைத்தேன். தோற்றாள். பஸ் ஸ்டாண்டில் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, நெற்றி வீங்கியபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

திடீரென்று, "அம்மா, அந்த அக்கா அடிக்கிறதுக்கு முன்னாடி மூக்கால ஒரு சத்தம் வருது. மூணாவது ரவுண்டுலதான் கவனிச்சேன். அடுத்த தடவை அந்தச் சத்தம் கேட்டதுமே நகர்ந்துருவேன்" என்றாள். வாயில் பரோட்டா. எனக்குக் கை கால் ஓடவில்லை. நான் வேண்டிக்கொண்டது பலித்த நாளில்தான், இவள் இதை விடமாட்டாள் என்று தெரிந்தது.

மேரி கோம் 2001 முதல் உலகப் போட்டியில் இறுதிச் சுற்றில் தோற்று வெள்ளியோடுதான் வந்தார். ஆறு தங்கம் அதற்குப் பிறகு. இதைச் சொன்னதும் என் மகள்தான். வெயிட் விஷயம் தம்பிக்கு: நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. அவள் அன்று அத்தனை பரோட்டா சாப்பிட்டது ஏன் என்று இப்போதுதான் புரிகிறது.

ராயபுரத்துச் சித்தப்பா:

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனேன். "அன்னைக்கு நான் சொன்னது பொய்டா. நீ தோத்துட்ட. அது எனக்கும் தெரியும்" என்றேன். ரொம்ப நேரம் பேசவில்லை. தண்ணீர்த் தொட்டிச் சுவரை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான். அப்புறம், "எனக்கும் தெரியும் சித்தப்பா. வீட்டுக்கு வந்த அன்னைக்கு ராத்திரியே தெரியும். நீங்க எல்லாரும் அப்படியே சொல்லிட்டு இருந்தீங்க, அதான்" என்றான்.

போனைக் கேட்டான். கொடுத்தேன். ரெண்டாவது ரவுண்டில் அவனே நிறுத்தினான். இடது கை இடுப்பில் இருக்கிறது, எதிராளியின் வலது தோள் அப்போதுதான் அசைகிறது. அங்கேயே நிறுத்தி, கொஞ்சம் பின்னால் தள்ளி, மறுபடி ஓடவிட்டான். பதினைந்து தடவையாவது இருக்கும். இருட்டிவிட்டது, நான் கீழே இறங்கிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் மேலே தரையில் கால் தேய்க்கும் சத்தம் கேட்டது.