மரபுவழி ஃப்ரக்டோஸ் ஏற்பின்மை: எந்த உணவுப் பட்டியலை நம்புவது, காய்கறியை எப்படிக் கணக்கிடுவது?

கேள்வி (புதியவர்)

வணக்கம். ஒன்றரை வயது, 10 கிலோ எடையுள்ள குழந்தை. மரபணுச் சோதனையில் ஏ.எல்.டி.ஓ.பி. மரபணுவின் இரண்டு பிரதிகளிலும் மாற்றம் இருப்பது உறுதியாகிவிட்டது. பழம், தேன், சர்க்கரை மூன்றையும் நிறுத்தியாயிற்று. அதற்கு மேல்தான் குழப்பம்.

இணையத்தில் "ஃப்ரக்டோஸ் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கான உணவுகள்" என்று தேடினால் பட்டியல்கள் ஒன்றோடொன்று முட்டுகின்றன. ஒன்றில் சாதாரண சர்க்கரை கொஞ்சம் சேர்க்கலாம் என்று இருக்கிறது. இன்னொன்றில் கூடவே கூடாது என்கிறார்கள். கேரட் ஒன்றில் நல்லது, மற்றொன்றில் விலக்கு. எதை நம்புவது? காய்கறிகளை அளந்து கொடுக்க ஏதாவது கணக்கு உண்டா? காய்ச்சல் மருந்துகள் எல்லாமே இனிப்பாக இருக்கின்றனவே, அவற்றை என்ன செய்வது? விவரம் தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொல்லுங்கள்.

பதில் 1 (உணவியல் பிரிவு)

முதலில் அந்தப் பட்டியல்களை மூடி வையுங்கள். அவற்றில் பெரும்பாலானவை வேறொரு நோய்க்கானவை. பெயர் ஒன்றுபோல இருப்பதுதான் எல்லாக் குழப்பத்துக்கும் காரணம்.

ஃப்ரக்டோஸ் உறிஞ்சல் குறைபாடு குடலின் பிரச்சினை. குடல் உறிஞ்சாமல் விட்ட ஃப்ரக்டோஸைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் நொதிக்கச் செய்வதால் வாயு, வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு வரும். குளுக்கோஸ் உடன் இருந்தால் ஃப்ரக்டோஸ் எளிதாக உறிஞ்சப்படும் என்பதால், அவர்களுக்குச் சாதாரண சர்க்கரை ஓரளவு ஒத்துக்கொள்ளும். ஃபாட்மேப் (குடலில் நொதித்து வாயு உண்டாக்கும் சர்க்கரை வகைகளைக் குறைக்கும் உணவுமுறை) பட்டியல்கள் சர்க்கரையை அனுமதிப்பது இதனால்தான்.

உங்கள் குழந்தையின் நிலை நேர் எதிரானது. இங்கே குடல் நன்றாகவே உறிஞ்சுகிறது. கோளாறு உறிஞ்சியதற்குப் பிறகுதான். கல்லீரலில் ஃப்ரக்டோஸ் முதலில் ஃப்ரக்டோஸ்-1-பாஸ்பேட் ஆக மாறும். அதை உடைக்க வேண்டிய அல்டோலேஸ் பி என்ற நொதி (நீங்கள் சொன்ன ஏ.எல்.டி.ஓ.பி. மரபணு உருவாக்குவது) வேலை செய்யாததால் அது அப்படியே தேங்கி, செல்லில் உள்ள பாஸ்பேட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி. வற்றும். கல்லீரல் தன் கையிருப்புச் சர்க்கரையான கிளைகோஜனை உடைக்க முடியாமலும், புதிதாகக் குளுக்கோஸ் செய்ய முடியாமலும் நின்றுவிடும். வாந்தி, வியர்வை, சோர்வு, ரத்தத்தில் குளுக்கோஸ் சரிவு எல்லாம் இதன் விளைவு. தொடர்ந்து உள்ளே போனால் கல்லீரலும் சிறுநீரகக் குழாய்களும் கெடும், வளர்ச்சி நிற்கும். ஆகவே உறிஞ்சலுக்கு உதவும் எதுவும் இங்கே நன்மை இல்லை. குளுக்கோஸோடு சேர்த்துக் கொடுத்தால் பரவாயில்லை என்ற வாதம் இந்த நோய்க்குப் பொருந்தவே பொருந்தாது.

இதே காரணத்தால் இன்னொரு எச்சரிக்கை: யாராவது "ஃப்ரக்டோஸ் குடிக்கக் கொடுத்து மூச்சுச் சோதனை செய்து பார்க்கலாம்" என்றால் உறுதியாக மறுத்துவிடுங்கள். அது உறிஞ்சல் குறைபாட்டுக்கான சோதனை. இந்த நோய் உள்ளவருக்கு ஆபத்து. மரபணுச் சோதனை முடிந்த பிறகு எதையும் கொடுத்துப் பார்த்து உறுதி செய்ய வேண்டிய தேவையே இல்லை.

இனி கணக்கு. ஃப்ரக்டோஸ் மூன்று வேடத்தில் வரும்: தனி ஃப்ரக்டோஸாக, சுக்ரோஸின் (அதாவது சாதாரண சர்க்கரையின்) பாதியாக, சார்பிட்டால் என்ற இனிப்பூட்டியாக. சார்பிட்டாலை உடல் ஃப்ரக்டோஸாகவே மாற்றுகிறது. எனவே:

மொத்த ஃப்ரக்டோஸ் = தனி ஃப்ரக்டோஸ் + சுக்ரோஸில் பாதி + சார்பிட்டால் முழுவதும்.

உணவுச் சத்து அட்டவணையில் "மொத்தச் சர்க்கரை" என்ற ஒரே எண் மட்டும் இருந்தால் பயனில்லை. சர்க்கரைகள் தனித்தனியாகப் பிரித்துத் தரப்பட்ட அட்டவணை வேண்டும். உச்சவரம்பு எவ்வளவு என்பதை உங்கள் வளர்சிதை மாற்ற மருத்துவக் குழுதான் எழுதித் தர வேண்டும். சிறு குழந்தைகளுக்கு எடையில் கிலோவுக்கு 10 முதல் 20 மி.கி. வரை என்பது வழக்கமான இலக்கு. 10 கிலோ என்றால் நாளைக்கு 100 முதல் 200 மி.கி. கிலோவுக்கு 40 மி.கி.யைத் தாண்டிப் பழகும் குழந்தைகளுக்கு வெளியே எந்த அறிகுறியும் தெரியாமலேயே வளர்ச்சி பின்தங்கலாம். வாந்தி வரவில்லை என்பதால் சரியாகத்தான் கொடுக்கிறோம் என்று முடிவு கட்டாதீர்கள்.

200 மி.கி. எவ்வளவு சிறியது என்று பாருங்கள். ஒரு சிறு கரண்டி சர்க்கரை 4 கிராம்; அதில் 2 கிராம் ஃப்ரக்டோஸ், அதாவது பத்து நாள் அளவு. கேரட்டில் 100 கிராமுக்குச் சுமார் 2.3 கிராம், வெறும் 20 கிராம் கேரட்டே 460 மி.கி. பச்சைப் பட்டாணி, பீட்ரூட், சர்க்கரைவள்ளி, வெங்காயம், தக்காளி எல்லாம் இதே வரிசைதான்: 100 கிராமுக்கு 1 கிராமுக்கு மேல். பசலைக்கீரையில் 100 கிராமுக்குச் சுமார் 0.2 கிராம்தான், 30 கிராம் கொடுத்தால் 60 மி.கி. வெள்ளைக் காளானும் ஏறத்தாழ அதே அளவு. கேரட் பற்றிப் பட்டியல்கள் ஏன் சண்டை போடுகின்றன என்பது இப்போது புரியும்.

உருளைக்கிழங்கில் ஒரு நுணுக்கம் உண்டு. நன்கு முற்றியதை வாங்குங்கள். இளங்கிழங்கில் சர்க்கரை அதிகம். குளிர்சாதனப் பெட்டியில் வைக்காதீர்கள். குளிரில் அதன் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். தோல் சீவி, சிறு துண்டுகளாக்கி, நிறைய நீரில் வேகவைத்து அந்த நீரைக் கொட்டிவிட்டால் சர்க்கரையில் ஒரு பகுதி அதோடு போய்விடும். எந்தக் காய்க்கும் இதே முறைதான். ஆவியில் வேகவைப்பதும் சாறோடு சமைப்பதும் மற்றவர்களுக்கு நல்லது, இங்கே அல்ல.

பால், இனிப்பில்லாத தயிர், முட்டை, பதப்படுத்தாத இறைச்சி, மீன், எண்ணெய், வெண்ணெய், வெள்ளை அரிசி ஆகியவற்றில் கவலை இல்லை. தவிடு நீக்காத தானியம், கோதுமை முளை, பருப்பு, சோயா, கொட்டைகள் ஆகியவற்றில் சுக்ரோஸ் உண்டு. முந்திரியில் 100 கிராமுக்கு 3 கிராம் ஃப்ரக்டோஸ் அளவுக்கு வரும். "முழுதானியம் ஆரோக்கியம்" என்ற பொது அறிவுரையையும் இந்தக் குழந்தை விஷயத்தில் ஒதுக்கி வையுங்கள்.

பதில் 2 (மருந்தாளுநர்)

உணவில் அவ்வளவு கவனமாக இருந்துவிட்டு மருந்தில் கோட்டை விடுவதுதான் அடிக்கடி நடக்கிறது. எனவே அந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

திரவ மருந்து எதுவானாலும் சுக்ரோஸ், சார்பிட்டால், மால்டிட்டால் மூன்றில் ஒன்றாவது இருக்கும் என்று வைத்துக்கொண்டு தொடங்குங்கள். "சர்க்கரை இல்லாதது" என்று எழுதிய புட்டிதான் பெரும்பாலும் சார்பிட்டால் புட்டி. கணக்கைப் பாருங்கள்: 5 மி.லி. சிரப்பில் 2 கிராம் சுக்ரோஸ் இருந்தால் 1 கிராம் ஃப்ரக்டோஸ். நாளைக்கு நான்கு வேளை கொடுத்தால் 4 கிராம். மேலே சொன்ன 200 மி.கி. வரம்பில் அது இருபது நாள் அளவு, அதுவும் குழந்தை ஏற்கெனவே காய்ச்சலில் துவண்டிருக்கும்போது.

பாரசிட்டமாலுக்கு மாற்று உண்டு: மேல்பூச்சு இல்லாத மாத்திரையை மருத்துவர் எடைக்கேற்பச் சொன்ன அளவில் பொடித்துக் கொடுப்பது, அல்லது ஆசனவாயில் வைக்கும் மருந்து. நீரில் கலக்கும் ஆன்டிபயாட்டிக் பொடிகளில் சுக்ரோஸ் மிகுதி. அதே மருந்து கேப்ஸ்யூலாகவோ மாத்திரையாகவோ உண்டா, திறந்து கொடுக்கலாமா என்று கேளுங்கள். மெல்லும் மாத்திரை, வாயில் கரையும் மாத்திரை, நுரைக்கும் மாத்திரை மூன்றையும் மூலப்பொருள் பார்க்காமல் தொடாதீர்கள். நிறுவனம் மாறினால் அதே பெயருள்ள மருந்தின் துணைப்பொருள்களும் மாறும். ஆகவே ஒவ்வொரு முறை வாங்கும்போதும் உள்ளிருக்கும் தாளைப் படிக்க வேண்டும்.

மலச்சிக்கலுக்குச் சார்பிட்டால், லாக்டுலோஸ் சிரப்புகள் வேண்டாம். சுவையூட்டாத மேக்ரோகால் பொடியை மருத்துவரிடம் கேட்டுப் பயன்படுத்தலாம்.

ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து இந்த நோய் உள்ளவர்களுக்குக் கூடாது என்று அதன் தாளிலேயே எழுதியிருக்கும். அடுத்த குழந்தை பிறந்தால் இது முக்கியம், ஏனென்றால் அதற்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. சோதனை முடிவு வரும்வரை அந்தச் சொட்டு மருந்தும் வேண்டாம். ஊசி போடும்போது வலி தெரியாமல் இருக்கப் பச்சிளங்குழந்தைக்கு நாக்கில் விடும் சர்க்கரைக் கரைசலும் வேண்டாம். தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம். அதில் இருப்பது லாக்டோஸ். மாவுப்பால் என்றால் லாக்டோஸ் அடிப்படையிலானதா என்று பாருங்கள். சோயா வகை, லாக்டோஸ் நீக்கிய வகைகள் சிலவற்றில் சுக்ரோஸ் சேர்ப்பார்கள். மேலே சொன்ன தடுப்பு மருந்து விலக்கு ரோட்டா வைரஸ் சொட்டு மருந்தைப் பற்றியது மட்டும்தான்; மற்றத் தடுப்பூசிகளை இதைக் காரணம் காட்டித் தவிர்க்காதீர்கள், மருத்துவரிடம் பேசிப் போடுங்கள்.

எல்லாவற்றையும் விடக் கொடியது நரம்பு வழியாக ஏறும் ஃப்ரக்டோஸ், சார்பிட்டால் அல்லது இன்வெர்ட் சர்க்கரை (குளுக்கோஸும் ஃப்ரக்டோஸுமாகப் பிரிந்த சுக்ரோஸ்). உயிருக்கே ஆபத்து. சார்பிட்டால் சேர்த்த இம்யூனோகுளோபுலின் மருந்துகள் உண்டு. ஸ்கேனுக்கு முன் குடிக்கக் கொடுக்கும் சில திரவங்களிலும், நச்சு முறிக்கத் தரும் சில கரித்தூள் கலவைகளிலும் சார்பிட்டால் உண்டு. எனவே ஓர் அட்டை எழுதிக் குழந்தையின் பையில் எப்போதும் வையுங்கள்: "மரபுவழி ஃப்ரக்டோஸ் ஏற்பின்மை. ஃப்ரக்டோஸ், சுக்ரோஸ், சார்பிட்டால், இன்வெர்ட் சர்க்கரை வாய்வழியாகவோ நரம்பு வழியாகவோ கொடுக்கக் கூடாது. குளுக்கோஸ் கொடுக்கலாம்." கீழே மருத்துவக் குழுவின் தொலைபேசி எண்.

கேட்டவர்

மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். தவறுதலாக ஏதாவது சாப்பிட்டு ரத்தத்தில் சர்க்கரை இறங்கினால் வீட்டில் என்ன கொடுப்பது? பொட்டலங்களில் "சர்க்கரை 5 கிராம்" என்று பார்த்தாலே பயமாக இருக்கிறது. எல்லாவற்றையும் ஒதுக்க வேண்டுமா?

பதில் 3 (உணவியல் பிரிவு)

முதல் சந்தேகத்துக்கு: சர்க்கரைத் தண்ணீர், பழச்சாறு, மிட்டாய் இவைதான் எல்லோரும் ஓடிவந்து கொடுக்கும் முதலுதவி. உங்கள் குழந்தைக்கு அதுவே நஞ்சு. பார்த்துக்கொள்பவர்கள் அனைவருக்கும் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். சுத்தமான குளுக்கோஸ் பொடியை நீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். பொட்டலத்தில் குளுக்கோஸ் அல்லது டெக்ஸ்ட்ரோஸ் தவிர வேறு சர்க்கரை இருக்கக் கூடாது. சுவையூட்டிய பொடிகளில் சுக்ரோஸ் கலந்திருக்கலாம். கொடுத்த கையோடு மருத்துவமனைக்குப் போங்கள். தூக்கக் கலக்கமாகவோ வாந்தி நிற்காமலோ இருந்தால் வாய்வழியாக முயல வேண்டாம், அங்கே குளுக்கோஸ் ஏற்றுவார்கள். குளுக்ககான் ஊசியை நம்ப முடியாது; அது கல்லீரலின் கிளைகோஜனை உடைக்கச் சொல்லும் மருந்து, அந்த வழிதான் இங்கே அடைபட்டிருக்கிறது.

வயிற்றுப்போக்கு வந்தால் உலக சுகாதார நிறுவன முறைப்படி குளுக்கோஸில் செய்த உப்புக் கரைசல் பொடி சரி: ஒரு லிட்டருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6 கிராம் இருக்கும். வீட்டில் சர்க்கரையும் உப்பும் கலந்து செய்வது கூடாது. சுவையூட்டி, தயாராக விற்கும் கரைசல்களின் மூலப்பொருளைப் படித்துப் பாருங்கள்.

இரண்டாவது: பயப்பட வேண்டாம், பெயரைப் பாருங்கள். சுவையூட்டாத பாலில் 100 மி.லி.க்கு ஏறக்குறைய 5 கிராம் "சர்க்கரை" என்று இருக்கும். அது முழுக்க லாக்டோஸ். குளுக்கோஸ், டெக்ஸ்ட்ரோஸ், மால்டோஸ், மால்டோடெக்ஸ்ட்ரின், லாக்டோஸ், மாவுச்சத்து எல்லாம் சரி. டெக்ஸ்ட்ரோஸ் என்றால் குளுக்கோஸ்; லெவுலோஸ் என்றால் ஃப்ரக்டோஸ். இந்த இரண்டையும் மாற்றிப் படித்துவிடாதீர்கள்.

விலக்க வேண்டியவை: சுக்ரோஸ், இன்வெர்ட் சர்க்கரை, கருப்பஞ்சாற்றுப் பாகு, பழச்சாறு அடர்வு, ஃப்ரக்டோஸ் மிகுந்த சோளச் சிரப்பு, தேன், அகேவ், சார்பிட்டால் (ஈ 420), ஐசோமால்ட் (ஈ 953), மால்டிட்டால் (ஈ 965), லாக்டிட்டால் (ஈ 966), டாகடோஸ், இன்யூலின், ஃப்ரக்டோ ஒலிகோசாக்கரைடு. கடைசி இரண்டும் "நார்ச்சத்து" அல்லது "ப்ரீபயாடிக்" என்ற நல்ல பெயரில் குழந்தை உணவிலேயே ஒளிந்திருக்கும். "சர்க்கரை 0 கிராம்" என்பதையும் முழுதாக நம்பாதீர்கள்; ஒரு பரிமாறலில் அரை கிராமுக்குக் குறைவாக இருந்தால் பூச்சியம் என்று அச்சிட விதி இடம் கொடுப்பதுண்டு. அந்த அரை கிராம் முழுக்க ஃப்ரக்டோஸாக இருந்தால் உங்களுக்கு அது இரண்டரை நாள் அளவு. பதப்படுத்திய இறைச்சி, ரொட்டி, சாஸ், பொடித்த மசாலாக் கலவை ஆகியவற்றில் சர்க்கரை சேர்க்கிறார்களா என்றும் பாருங்கள். பல பற்பசைகளில் சார்பிட்டால் ஒரு முக்கியப் பொருள். விழுங்கும் வயது என்பதால் அது இல்லாத பசையைத் தேடுங்கள்.

பதில் 4 (கண்காணிப்பு பற்றி)

மேலே விடுபட்டது ஒன்று. பழமும் பெரும்பாலான காய்களும் போய்விட்டால் வைட்டமின் சி, ஃபோலேட் இரண்டும் குறையும். வேகவைத்து நீரைக் கொட்டும்போது மிச்சமிருந்ததும் போய்விடும். எனவே தனியாகக் கொடுக்கும் வைட்டமின் விருப்பப்பட்டால் எடுத்துக்கொள்ளும் டானிக் அல்ல, தினசரி மருந்து. குழந்தைகளுக்கான வைட்டமின் சொட்டுகளும் மெல்லும் மாத்திரைகளும் பெரும்பாலும் சுக்ரோஸ் அல்லது சார்பிட்டால் உள்ளவை என்பதால், துணைப்பொருள் தெரிந்த, இனிப்பில்லாத மாத்திரையை அல்லது பொடியை மருந்தகத்தில் கேட்டு, மருத்துவர் சொன்ன அளவில் பாலில் கலந்து கொடுங்கள்.

உணவு முறை சரியாகப் போகிறதா என்று தெரிய உயரம், எடை, கல்லீரல் நொதிகள், சிறுநீர்ச் சோதனை, கல்லீரல் அல்ட்ராசவுண்ட் ஆகியவற்றைப் பார்ப்பார்கள். டிரான்ஸ்ஃபெரின் ஐசோஃபார்ம் என்ற ரத்தச் சோதனையும் உதவும். ஃப்ரக்டோஸ் மறைவாக உள்ளே போய்க்கொண்டிருந்தால் அந்தப் புரதத்தில் சர்க்கரைத் தொடர்கள் சரியாகச் சேராமல் இருப்பது தெரியும். உணவு சரியாக இருந்தும் கல்லீரலில் கொழுப்பு தெரிவதுண்டு. அதைப் பார்த்ததும் தவறு செய்துவிட்டோம் என்று மனம் உடைய வேண்டாம், மற்ற எண்களோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

குழந்தை இனிப்பைக் கண்டு முகம் திருப்பினால் வற்புறுத்தாதீர்கள், மற்றவர்களையும் வற்புறுத்த விடாதீர்கள். அந்த வெறுப்பு அதன் உடல் தானே கற்றுக்கொண்ட காவல். சந்திப்புக்குப் போகும் முன் மூன்று நாள் சாப்பிட்டதைக் கிராம் கணக்கில், மருந்து, பற்பசை உட்பட, எழுதிக் கொண்டு போங்கள். மறைந்திருக்கும் மூலத்தைக் கண்டுபிடிக்க உணவியலாளருக்கு அந்தத் தாள்தான் வேண்டும்.