42 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தும் டிஎம்ஆர்எம் மங்கவில்லை, ஏன்?

கல்ச்சர்ரூம்:
வணக்கம். முதுகலை புராஜெக்ட். சூட்டை மைட்டோகாண்ட்ரியா எப்படிச் சமாளிக்கிறது என்று ஹீலா செல்களில் (ஆய்வகத்தில் வளர்க்கும் மனிதப் புற்றுநோய் செல்கள்) பார்க்கிறேன். 96 வெல் (குழி) பிளேட், 200 நானோமோலார் டிஎம்ஆர்எம் (மைட்டோகாண்ட்ரியாவின் மின்னழுத்தத்தைக் காட்டும் ஒளிர்சாயம்), 42-க்கு செட் பண்ணிய இன்குபேட்டரில் ஒரு மணி நேரம். உள்படலத்தின் மின்னழுத்தம் இறங்கும், ஒளி மங்கும் என்று எதிர்பார்த்தேன். மங்கவே இல்லை. ஓர வெல்களில் கூடியே இருக்கிறது! செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபியின் அளவும் 37-இல் இருந்த மாதிரியேதான். வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களைப் பட்டைகளாகக் காட்டும் சோதனை) ஹெச்எஸ்பி70 என்ற சூட்டு அதிர்ச்சிப் புரதம் மட்டும் லேசாக ஏறியிருக்கிறது. மைட்டோகாண்ட்ரியாவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று எழுதிவிடலாமா?

பழைய பிப்பெட்:
எழுதிடாதீங்கம்மா. டிஸ்ப்ளேவில் தெரியும் 42 பெட்டிக்குள் இருக்கும் காற்றின் சூடு. செல்கள் வளரும் திரவமான மீடியம் அதை எட்டிப்பிடிக்க வெகுநேரம் ஆகும், அதிலும் நடு வெல்கள்தான் கடைசி. மூடியில் சின்ன ஓட்டை போட்டு, மெல்லிய தெர்மோகப்பிள் கம்பியை மீடியத்தில் முங்குகிற மாதிரி இறக்கி அளந்து பாருங்க.

சூட்டால் புற்றுநோய்க்குச் சிகிச்சை தரும் ஹைபர்தெர்மியா ஆட்கள் 1984-லிருந்து ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள் (சப்பரெட்டோவும் டூவியும் போட்டது). 43-க்குக் கீழே ஒரு டிகிரி இறங்கினால், செல்கள் அதே அளவு சாக நாலு மடங்கு நேரம் வேண்டும். 42 என்று நினைத்து 40 கொடுத்திருந்தால் உங்கள் டோஸ் பதினாறில் ஒரு பங்குதான். டி25 ஃபிளாஸ்க்கை இறுக மூடி, பாராஃபில்ம் சுற்றி, வாட்டர் பாத்தில் அமுக்குவதுதான் எப்போதும் நம்பகமான வழி.

ஒளிர்நுண்:
சாயத்திலும் சிக்கல் இருக்கு. 200 நானோமோலாரில் டிஎம்ஆர்எம் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நெருக்கியடித்து, தன் ஒளியைத் தானே அணைத்துக்கொள்ளும். மின்னழுத்தம் இறங்கினால் சாயம் சைட்டோபிளாசத்துக்கு வழிந்து, அணைப்பு விலகி, ஒளி *கூடும்*. ஓர வெல்கள்தான் முதலில் சூடேறும். அங்கே கூடியதாகச் சொல்றீங்களே, நீங்கள் தேடிய இறக்கமே தலைகீழாகத் தெரிந்திருக்கலாம்! ஓரத்தில் மீடியம் ஆவியாவதும் சேர்ந்திருக்கும், அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன். 20 நானோமோலாருக்கு இறக்கி, கழுவாமல் கடைசி வரை மீடியத்திலேயே வையுங்கள். எல்லா வெல்லையும் ஒரே வெப்பநிலையில் படியுங்கள், சாயத்தின் ஒளியே சூட்டுக்கு ஏற்ப மாறும். கடைசியில் எஃப்சிசிபி போட்டு மின்னழுத்தத்தை முழுக்கக் கலைத்துப் பாருங்க. அந்தக் கட்டுப்பாடு இல்லாத டிஎம்ஆர்எம் படத்தை நான் நம்புவதே இல்லை.

தேநீர்நேரம்:
மைட்டோகாண்ட்ரியா ஏற்கெனவே 50 டிகிரியில் ஓடுகிறது என்று 2018-இல் ஒரு பேப்பர் வந்ததே? அதற்கு 42 எல்லாம் ஒரு சூடா?

ஒளிர்நுண்:
அதுவும் ஒரு சாயத்தை நம்பிச் சொன்னதுதான். அவ்வளவு சின்ன உறுப்பால் சுற்றிலும் உள்ள தண்ணீரைவிட அத்தனை டிகிரி கூடுதலாக நிற்க முடியாது என்று இயற்பியல் பக்கம் இருந்து பலமான எதிர்ப்பு இருக்கிறது. இந்த இழைக்கு அது வேண்டாம்.

கல்ச்சர்ரூம்:
கம்பி விட்டு அளந்தேன். அரை மணி கழித்தும் நடு வெல் 40-ஐத் தொடவில்லை. ஃபிளாஸ்க்குக்கு மாறுகிறேன். ஆனால் ஏடிபி?

பழைய பிப்பெட்:
ஹை குளுக்கோஸ் டிஎம்இஎம் மீடியம்தானே? லிட்டருக்கு 4.5 கிராம் சர்க்கரை. மைட்டோகாண்ட்ரியா இல்லாமலே சர்க்கரையை உடைக்கும் கிளைகாலிசிஸிலேயே ஹீலா பிழைத்துக்கொள்ளும், மைட்டோகாண்ட்ரியா படுத்தாலும் கிட்டில் தெரியாது. கேலக்டோஸ் மீடியத்தில் ஏடிபிக்கு மைட்டோகாண்ட்ரியாவையே நம்ப வேண்டும், அதில் செய்தால்தான் குட்டு வெளிப்படும்.

ஹெச்எஸ்பி70-ஐயும் மைட்டோகாண்ட்ரியா கணக்கில் எழுதாதீங்க. அது எச்எஸ்எஃப்1 என்ற ஜீன் சுவிட்ச் வழியாக வரும் சைட்டோபிளாசப் பதில். மைட்டோகாண்ட்ரியாவுக்குள் குலைந்த புரதங்களை மடித்து நிமிர்த்துவது ஹெச்எஸ்பி60-உம் மார்ட்டாலினும். சூடு முடித்த கையோடு செல்களை உடைத்தால் அவை கூடியிருக்காது. 37-க்குத் திருப்பி, சில மணி நேர இடைவெளிகளில் மாதிரி எடுங்கள். அதே பிளாட்டில் ஓபிஏ1-ஐயும் (மைட்டோகாண்ட்ரியாவின் உள்படலங்களை இணைக்கும் புரதம்) பாருங்க. மின்னழுத்தம் விழுந்தால் ஓஎம்ஏ1 என்ற நொதி விழித்து அதன் நீள வடிவத்தை வெட்டும். மேல் பட்டைகள் மறைந்து கீழ்ப் பட்டைகள் தடிக்கும். சாயத்தைச் சாராத சாட்சி அது. நீள வடிவம் போனால் இணைவு நின்று, வலைப்பின்னல் துண்டு துண்டாவது மைக்ரோஸ்கோப்பிலும் தெரியும். செல் தேறும்போது அந்த வலைப்பின்னல் மறுபடி நீள்கிறதா என்பதுதான் உங்கள் கேள்விக்கு நேரடிப் பதில்.

கல்ச்சர்ரூம்:
ரொம்ப நன்றி அண்ணா. கேலக்டோஸுக்கு மாற்றிய அன்றே சூடு கொடுக்கலாமா?

பழைய பிப்பெட்:
சில நாள் பழகட்டும். மெதுவாகத்தான் வளரும், கூடுதலாக விதையுங்கள். சீரத்திலேயே குளுக்கோஸ் இருக்கும், டயலைஸ் செய்ததை (சர்க்கரை போன்ற சின்ன மூலக்கூறுகளை நீக்கியதை) வாங்குங்க.